செல்லச்சாமிக்குப் பதினெட்டு வயது

ஊர்க்காவலன் என்கிற அந்தப் பயலைத் தூக்கில் போட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. விஸ்வநத்தம் கிணற்றடியில் என் மகன் செல்லச்சாமியை வயிற்றில் குத்திக் கொன்றவன் அவன். ஏதோ கோபத்தில் கை நீட்டிவிட்டான் என்று சமாதானம் பேச வந்தவர்களை வாசலோடு விரட்டினேன். கோபமாவது, மண்ணாவது! பம்பர விளையாட்டில் என் மகன் அவனுடைய பம்பரத்தைக் குத்திப் பிளந்தது வெள்ளிக்கிழமை. அவன் என் மகனைக் குத்தியது ஞாயிற்றுக்கிழமை. நடுவில் பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிற கத்தியைக் கொண்டுவந்து, வீட்டுக் கல்லில் உட்கார்ந்து தீட்டியிருக்கிறான். எங்களுக்கு அடுத்த வீடு அது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவன் அம்மா குருவம்மாள் அரிவாள்மனை தீட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

சர்க்கார் வக்கீல் சங்கரபாண்டியன் முதல் நாளே சொல்லிவிட்டார். "சின்னப் பையன்னு ஆயிட்டா தூக்கு கிடையாதும்மா. செங்கல்பட்டுல தப்புப் பண்ணுன பயலுகளை அடைக்கிற பள்ளிக்கூடத்துல போடுவாக. தச்சு வேலை கத்துக் கொடுப்பாக. கொஞ்ச வருஷத்துல வெளிய வந்துருவான்."

என் பிள்ளை மண்ணுக்குள் கிடப்பான், அவன் தச்சு வேலை படித்து வந்து கல்யாணம் கட்டிக்கொண்டு என் கண் முன்னால் நடமாடுவானா?

நல்லவேளை, வயசுக் காகிதம் என் பக்கம் இருந்தது. அந்தக் காகிதத்தை வாங்கியதே நான்தான். மூன்றரை வருஷத்துக்கு முன்னால், அறுபதாம் வருஷம், பட்டாசுக் கம்பெனியில் பதினாலு முடியாத பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்று கெடுபிடி வந்தது. பதினஞ்சு என்று சொல்லிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றான் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டு. குருவம்மாளுக்குக் காற்சட்டை போட்ட ஆளைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் ரெண்டு பையன்களையும் ஆளுக்கொரு கையில் பிடித்து டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டுக்கும் பதினஞ்சு முடிஞ்சிருச்சு ஐயா"ன்னு தொண்டை கிழியச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

உண்மையில் ரெண்டுக்கும் பதினொன்று. ஒரே பங்குனியில், ஒரே நாளில் பிறந்தவர்கள். எனக்குக் காலையில், அவளுக்குச் சாயங்காலம். எங்கள் தெருவில் பிறப்பு எழுத யாரும் வந்ததில்லை. பிரசவம் பார்த்தவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஏஜெண்டு கோர்ட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டான். ஆகவே உலகத்தில் ரெண்டு பேருக்குத்தான் அந்த வயது தெரியும்.

விசாரணைக்கு முந்தின நாள் குருவம்மாள் வந்து வாசலில் நின்றாள்.

"மதினி, அவன் செஞ்சதுக்கு என்னைய வெட்டிப் போடுங்க. ஆனா வயசை மட்டும் உள்ளபடி சொல்லிருங்க. நான் சொன்னா பெத்தவ புளுகுறான்னு சொல்லுவாக. நீங்க சொன்னாத்தான் நம்புவாக."

"உன் மகன் கத்தி தீட்டும்போது நீ எங்கன இருந்தே?"

அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வீட்டுலதான இருந்தே? எதுக்குலே தீட்டுதேன்னு ஒரு வார்த்தை கேட்டியா? போடி, போ. எம்புட்டு அழுதாலும் என் வாயில இருந்து வேற வயசு வராது."

மதுரைக் கோர்ட்டில் கூட்டம் நெரிந்தது. ஊர்க்காவலன் கூண்டுக்குள் நின்றான். கூண்டுக் கட்டை அவனுக்கு உயரம்; அதில் கை வைத்தால் முழங்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எலும்பைப் படம் பிடித்த டாக்டர், பதினாலும் இருக்கலாம், பதினெட்டும் இருக்கலாம் என்று வழவழவென்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

அவன் பக்கத்து வக்கீல் சீனிவாசகம் குரலை உயர்த்தவே இல்லை.

"ரெண்டு பையன்களும் ஒரே நாளில் பிறந்தவர்கள்தானே அம்மா?"

"ஆமா."

"உங்கள் மகனுக்கு இறக்கும்போது என்ன வயது?"

"பதினெட்டு."

சொல்லிவிட்டேன். நாக்கு தடுக்கவில்லை. என் மகனுக்கு மீசை அரும்பவில்லை, குரல் உடையவில்லை, தூக்கத்தில் என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு கிடப்பான். இருக்கட்டும். அவனைப் புதைத்தாகிவிட்டது. இனி அவனுக்கு எத்தனை வயது என்றால் என்ன, இவன் தொங்க வேண்டும்.

வக்கீல் மேசையிலிருந்து ஒரு பம்பரத்தை எடுத்தார். கொய்யாக்கட்டையில் செய்தது, பச்சைச் சாயம் பூசியது. கிணற்றடியில் கிடந்ததாகப் போலீஸ் எடுத்து வைத்திருந்தது.

"இது உங்கள் மகனுடைய பம்பரம்தானே? பம்பரச் சண்டையில்தானே இந்தக் கொலை? பதினெட்டு வயது ஆள் பம்பரம் விடுவானா அம்மா?"

போலீஸிடம் நான் பம்பரப் பேச்சே எடுக்கவில்லை. கம்பெனியில் வேலைத் தகராறு என்றுதான் சொல்லியிருந்தேன். அந்தப் பம்பரத்தைப் போன கார்த்திகையில் நான்தான் தச்சரிடம் கெஞ்சிக் கடைந்து வாங்கினேன். ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பான்.

"எங்களுது இல்லை. தெருப் பிள்ளைக எதுவும் போட்டுட்டுப் போயிருக்கும். என் மகன் பம்பரம் விடுற வயசெல்லாம் தாண்டிட்டான்."

கூண்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "அத்தே, அது செல்லச்சாமி பம்பரம்தான் அத்தே. பச்சைச் சாயம் நாந்தான் பூசிக் கொடுத்தேன்."

ஜட்ஜு ஐயா அவனை வாயை மூடச் சொன்னார். எனக்கு அவன் கழுத்தை அங்கேயே நெரிக்க வேண்டும் போலிருந்தது. என் பிள்ளை பேரைச் சொல்ல அவனுக்கு என்ன வாய்!

தூக்கு என்று தீர்ப்பானது. குருவம்மாள் மண்ணில் விழுந்து புரண்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மெட்ராஸ் ஹைகோர்ட்டிலும் அதையே உறுதி செய்தார்கள். அன்றைக்கு வீட்டில் சோறு பொங்கி, பல மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பிறகு ஒருநாள், என் மகனுடைய பொருளை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கோர்ட்டிலிருந்து ஆள் வந்தது. குமாஸ்தா ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். சட்டை ஒன்று. டவுசர் ஒன்று. அரைஞாண் கயிறு ஒன்று. கடைசியில் பம்பரம்.

"இது உங்களுது இல்லைன்னு சாட்சி சொல்லியிருக்கீக. இப்ப உங்களுதுன்னா எழுதிக் கொடுங்க. ஆனா நான் ஐயாகிட்ட சொல்லியாகணும், கேஸு மறுபடி கிளம்பும். அந்தப் பயலுக்கு இன்னும் நாள் குறிக்கல."

பம்பரத்தைக் கையில் எடுத்தேன். ஆணி துருப்பிடித்திருந்தது. தலையில் ஒரு வடு, எங்கள் வாசல்படியில் விழுந்தபோது பட்டது. மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் பம்பரம் எனக்கு, உயிர் அவனுக்கு.

"எங்களுது இல்லை"ன்னு மேசையில் வைத்துவிட்டேன்.

சிவகாசி பஸ்ஸில் கல்லுப்பட்டி தாண்டும்போது மடியிலிருந்த பொட்டலம் பிரிந்து டவுசர் வெளியே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கூடையை நகர்த்திக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு எத்தனை வயசு?"

"பதினாலு" என்றேன்.