பேர் வருகிற இடம்

என் மகள் வஜிஹா ராப் பாட்டுக்குத் தாளம் போடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். போனில் விரலால் ஒரு தட்டு, தாளம் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். தொண்ணூற்றைந்தில் அந்த வேலைக்கு என் கட்டைவிரல்தான் இருந்தது.

அப்போது மத்திகிரியில் நான் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். கேசட் போட இரண்டு பக்கம் உள்ள செட். இடப்பக்கம் பாட்டுள்ள கேசட், வலப்பக்கம் வெற்றுக் கேசட். வலப்பக்கத்தில் ரெக்கார்டு பட்டனையும், நாடாவை ஓடாமல் பிடித்துவைக்கிற பாஸ் பட்டனையும் சேர்த்து அழுத்தி வைத்துக்கொண்டு, இடப்பக்கத்தை ஓடவிட வேண்டும். தாளம் விழுகிற நொடியில் பாஸை விட வேண்டும். துண்டு முடிகிற இடத்தில் மறுபடி அழுத்த வேண்டும். பிறகு இடப்பக்கத்தைப் பின்னால் சுற்றி, அதே துண்டை மறுபடி ஒட்ட வேண்டும். ஒட்ட ஒட்ட, கையளவு தாளம் ஒரு பாட்டு நீளத்துக்கு வளரும். விரல் மயிரிழை பிந்தினாலும் தாளம் நொண்டும்.

என் சிநேகிதன் ஆஞ்சப்பனின் கல்யாணத்துக்கு நான் ஒட்டிக் கொடுத்தது பாட்டே அல்ல, தகடு அடிக்கிற பவர் பிரஸ்ஸின் சத்தம். அவன் சிப்காட் தொழிற்பேட்டையில் பிரஸ் ஓட்டினான். சாப்பாட்டுப் பையில் ஒரு சின்ன டேப்பை மறைத்து எடுத்துப்போய்ப் பதிந்து வந்திருந்தான். திடும் என்று அச்சு இறங்கும். ஸ்ஸ் என்று காற்று பீய்ச்சும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. மறுபடி திடும்.

“கேட்டியாடா கரீமு, எம் மெஷினு! இதும் மேல ராப்பு போட்டா எங்கூரு உத்தனப்பள்ளியே ஆடும்.”

“நடுவுல சத்தமே இல்லாம ஒரு எடம் வருதே, அது என்னடா?”

“அப்பதான் கைய உள்ள வுட்டுத் தகடு மாத்துவோம். அந்நேரம் அச்சு எறங்குனா வெரலு போயிடும். வுடு, அதுலயும் நான் வார்த்தைய ரொப்பிடறேன்.”

சினிமாப் பாட்டுக்கு நடுவே மூச்சு விடாமல் பேசுகிற ராப் வந்த புதுசு அது. ஆஞ்சப்பன் டவுன் பஸ்ஸில் அதை முணுமுணுத்துக்கொண்டே வருவான். ஆனால் இந்த ராப் அவனுக்கு விளையாட்டல்ல. அவன் கட்டப்போகிற கருப்பாயி சிவகங்கைப் பக்கத்துப் பெண். அதே கம்பெனியில் பேக்கிங் வேலை. இருவரும் விரும்பியதை அவன் அம்மா கெம்பம்மா அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டிருந்தாள். “நம்ம பேச்சு தெரியாது, நம்ம மொறை தெரியாது. வாசல்ல பேரு சொல்லுவாளா அவ?” என்பதுதான் அவள் கேள்வி.

பேர் சொல்வது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தாலி கட்டி வீட்டுக்கு வருகிற ஜோடியை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாசலில் மறிப்பார்கள். பெண் புருஷன் பேரையும், அவன் அவள் பேரையும் சொன்னால்தான் வழி. சும்மா சொல்லக் கூடாது, அடுக்கி, எதுகை வைத்து, கேலியும் கலந்து சொல்ல வேண்டும். பேர் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் ஒரு நிறுத்தம் உண்டு. அந்த நிறுத்தத்தில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்வார்கள். பேர் விழுந்ததும் கூச்சல் எழும்.

கருப்பாயியின் ஊரில் இந்த வழக்கம் இல்லை. “நீ ஒண்ணும் கவலப்படாத, ரெண்டு பேருக்கும் சேத்து நானே சொல்லிடறேன்” என்று ஆஞ்சப்பன் அவளிடம் சொல்லியிருந்தான்.

கல்யாணத்தன்று உத்தனப்பள்ளியில் அவர்கள் வேனைவிட்டு இறங்கியபோது, கெம்பம்மா இரண்டு கைகளையும் வாசல் நிலையில் ஊன்றி நின்றாள். பின்னால் ஆரத்தித் தட்டோடு அக்காக்களும் சின்னம்மாக்களும். நான் டேப்பை ஜன்னலில் வைத்து ஓடவிட்டேன். திடும், ஸ்ஸ். ஆஞ்சப்பன் மாலையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஆரம்பித்தான்.

“டவுன் பஸ்ஸு லேட்டு பஸ்ஸு ஏறு மச்சி எறங்கு மச்சி கருப்பாயி பக்கம் சீட்டு ஷிப்டு முடிஞ்சா கேட்டு தாண்டி கருப்பாயி கண்ணப் பாத்து…”

ஒரே மூச்சு. சத்தமில்லாத அந்த இடமும் ரொம்பிப் போனது. முடித்துவிட்டு வியர்வையோடு சிரித்தான். யாரும் கூச்சலிடவில்லை.

“முடிஞ்சுதா?” என்றாள் கெம்பம்மா.

“முடிஞ்சுதும்மா.”

“பேரு எங்கடா?”

“எத்தினி வாட்டி சொன்னேன்!”

“எங்க சொன்ன? கண்டக்டரு மாரி ஸ்டாப்பிங்குதான் சொன்ன.”

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் அப்பா கோவிந்தப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கெம்பம்மா மட்டும் சிரிக்கவில்லை. “இந்த வாசல்ல பேரு சொல்லாம எந்தப் பொண்ணும் உள்ள வந்ததில்ல. நீ சொல்லும்மா” என்றாள். “ஹேளம்மா, ஹேளு” என்று ஒரு சின்னம்மா கன்னடத்தில் அவசரப்படுத்தினாள்.

“எங்க ஊருல இந்த வழக்கம் கெடையாதுங்க அத்த” என்றாள் கருப்பாயி.

“அப்ப எங்க ஊருக்கு எப்பிடிம்மா வருவ?”

நான் டேப்பை அணைக்கக் கை நீட்டினேன். “இருங்கண்ணே, ஓடட்டும்” என்றாள் கருப்பாயி. தலை குனிந்து, கால் விரலால் தாளத்தைத் தொட்டுப் பார்த்தாள். நாள் பூராவும் பிரஸ் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று பெட்டி கட்டுகிறவள் அவள். ஒரு சுற்றுக்கு ஒரு வரி என்று நிதானமாக ஆரம்பித்தாள்.

“மாஞ்சு மாஞ்சு அடிச்சாலும் மெசினு ஓயல…”

திடும். ஸ்ஸ்.

“சாஞ்சு நிக்கத் தூணு தேடி எங்கயும் போகல…”

திடும். ஸ்ஸ்.

“டீக்கடையில காஞ்ச பன்னப் பாதி பிச்சுத் தந்தவரு பேரு…”

திடும். ஸ்ஸ். தகடு மாற்றக் கை உள்ளே போகிற அந்தச் சத்தமில்லாத இடம் வந்தது. எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

“ஆஞ்சப்பன்!”

எழுந்த கூச்சலில் ஆரத்தித் தண்ணீர் தளும்பிச் சின்னம்மாவின் புடவையில் கொட்டியது. கெம்பம்மா நிலையிலிருந்து ஒரு கையை எடுத்தாள். வழி விடப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ அந்தக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாளத்துக்குத் தலையை ஆட்டினாள்.

“ஆவி பறக்கற களிய வெச்சி அவரக்கா சாறு ஊத்தி…”

திடும். ஸ்ஸ்.

“கூவிக் கூவிக் கூப்புட்டாலும் கூடத்துக்கு வராம…”

திடும். ஸ்ஸ்.

“கோவிச்சிக்கினே மூணு உருண்ட முழுங்கறவரு பேரு…”

கோவிந்தப்பன் வேனுக்குப் பின்னால் ஒளியப் போனார்.

“கோவிந்தப்பன்!”

தன் கல்யாணத்தன்று இதே வாசலில் சொன்னதற்குப் பிறகு அவள் அந்தப் பேரைச் சொல்லி யாரும் கேட்டதில்லையாம். அதன்பின் யாரையும் நிறுத்த முடியவில்லை. பெரியக்கா தன் புருஷன் பேரைத் தெலுங்கில் சொன்னாள். சின்னம்மா கன்னடத்தில் சொன்னாள். நடுவே நான் ஒட்டிய நாடா தீர்ந்துபோய் டேப் டக்கென்று நின்றது. யாரும் கவனிக்கவில்லை. கைதட்டலே திடும் ஆகியிருந்தது, அந்த இடைவெளி அப்படியே இருந்தது.

ஜோடி இன்னும் வெயிலில்தான் நின்றுகொண்டிருந்தது.

“அம்மா, கால் சுடுது. உள்ள வரலாமா?” என்றான் ஆஞ்சப்பன்.

கெம்பம்மா மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில், நிலைக்கு உள்ளே, நிறுத்திக்கொண்டாள்.

“அவ வந்துட்டா. நீ இருடா. இன்னும் உன் பொண்டாட்டி பேரு எனுக்குக் கேக்கல.”