நான்காம் மாடி = நிற்காது

1

இந்தக் கதை ஒரு லிஃப்டுக்குள் எனக்குத் தோன்றியது என்று சொன்னால் எடுப்பாக இருக்கும். ஆனால் அது பொய். என் தங்கை சாப்பிட்டுக்கொண்டே புலம்பியதில் கிடைத்தது இது. அவள் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருக்கிறாள். அதாவது, மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்க மாதச் சம்பளம். வீட்டில் அதையே சும்மா செய்வாள்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் புரோகிராம் எழுதியிருக்காருண்ணா," என்றாள். "அது ஓடறதுக்கு செட்டிங்ஸ் வேணும்ல? அத எந்த மாதிரி ஃபைல்ல குடுத்தாலும் படிச்சுக்குது. கட்டம் போட்ட அட்டவணையா குடு, படிக்கும். அடைப்புக்குறி போட்டுக் குடு, படிக்கும். வெறும் வரி வரியா எழுதிக் குடு, அதையும் படிக்கும். ஒரு ஃபைல் விளக்கு எரியணும்னுது, இன்னொண்ணு எரியக் கூடாதுன்னுது. கடைசியா எதைப் படிச்சுதோ அது சொல்றதுதான் சட்டம்."

"எழுதின ஆள் எப்படி?"

"தங்கமான மனுஷன். யார் என்ன சொன்னாலும் சரிங்கம்பார்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். மீதியெல்லாம் என் கைவரிசை. தன் ஆபீஸ் ஆளைக் கதைக்குள் இழுக்கக் கூடாது என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் இவர் வேறு ஆள். பெயரும் வைக்கவில்லை. இவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் எல்லோரும் இவரைச் 'சரிங்க' என்றே கூப்பிடுகிறார்கள். அவரும் "சரிங்க" என்று திரும்பிப் பார்க்கிறார்.

2

தொடக்கத்துக்குச் சில முயற்சிகள்:

மழை விட்டிருந்த ஒரு மாலையில் சரிங்க தன் தந்தையை—

[வேண்டாம். நம் கதைகளில் வேண்டிய மட்டும் மழை பெய்து ஓய்ந்துவிட்டது.]

மனிதன் என்பவன் அடிப்படையில் பல கோப்புகளிலிருந்து ஏற்றப்பட்ட ஒரு—

[இதைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். கை கழுவ எழுந்து போனவள் திரும்பி வரவில்லை.]

லிஃப்ட் நான்காம் மாடியைத் தாண்டிப் போனது.

இது பரவாயில்லை. இப்படியே போகிறேன்.

லிஃப்ட் நான்காம் மாடியைத் தாண்டிப் போனது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் சரிங்கவின் அப்பா உட்கார்ந்திருந்தார். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்குப் போனதும் காலை நீட்டிப் படுத்துவிட வேண்டும், உட்காரவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மடியில் மாத்திரைப் பை. கதவில் பதித்த கண்ணாடி வழியே தன் வீட்டு வாசலும் கால்மிதியும் யாரும் எடுக்காத பால் பாக்கெட்டும் மேலிருந்து கீழே நழுவிப் போவதைப் பார்த்தார்.

"டேய், நம்ம வீடு போகுதுடா," என்றார்.

"தெரியுதுப்பா," என்றார் பக்கத்தில் நின்ற சரிங்க.

3

இந்த நிலை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். [தங்கை: "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்."]

லிஃப்டைப் புதுப்பித்தபோது அதற்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டரைப் பொருத்தினார்கள். எந்த மாடியில் நிற்பது, கதவை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதையெல்லாம் ஒரு கோப்பைப் படித்து அது தெரிந்துகொள்ளும். "நீங்கதான் சாஃப்ட்வேர் ஆளாச்சே தம்பி, கொஞ்சம் பாத்துக்குங்க," என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். "சரிங்க" என்றார் இவர்.

ஒரே வகைக் கோப்புதான் ஏற்கப்படும் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நாக்கு எழவில்லை. ஐந்தாம் மாடிச் செயலாளர் அட்டவணையில் கொடுத்தார், கட்டத்துக்குக் கட்டம் ஒரு வண்ணம். மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார் ஜேசனில்* கொடுத்தார். இரண்டாம் மாடிப் பல் டாக்டரம்மாவுக்கு டைப் அடிக்க நேரமில்லை. குரல் பதிவாக அனுப்பினார், பின்னணியில் யாரோ வாயைத் திறந்தபடி முனகும் சத்தத்தோடு. லிஃப்ட் அதையும் படிக்கும்படி செய்து கொடுத்தார் சரிங்க.

[*ஜேசன் ஆள் இல்லை, ஒரு கோப்பு வகை. திறந்த ஒவ்வோர் அடைப்புக்குறியையும் மூடியாக வேண்டும். வாத்தியாருக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. அவர் வீட்டில் அடுக்களை டப்பாக்கள்கூட அந்தக் கண்டிப்பில்தான் வாழ்கின்றன.]

பந்திக்கு முந்து என்பார்கள். இங்கே பிந்தி வந்தவருக்குத்தான் இலை. கடைசியாக வந்த கோப்பு மற்றதையெல்லாம் அடித்துவிடும். வாத்தியார் ஒற்றைப்படை மாடிகளில் மட்டும் நின்றால் போதும் என்று எழுதினார். மூன்று ஒற்றைப்படை. உடனே டாக்டரம்மா, வாய் மரத்துப்போனவர்கள் படியில் தடுக்கி விழுவார்கள், இரண்டில் நிற்கட்டும் என்று குரல் கொடுத்தார். அதற்குள் செயலாளர் தன் அட்டவணையை மறுபடி அனுப்பினார். நாள் முழுக்க இதே கூத்து.

மூவரும் ஒத்துப்போனது ஒன்றில்தான்: நான்காம் மாடி = நிற்காது. மின்சாரம் மிச்சமாகும், அங்கே இருக்கிற இரண்டு ஆண்களுக்கும் கால் நன்றாக இருக்கிறது, நடக்கட்டுமே. அப்போது அப்பாவும் விறுவிறுவென்று படியேறிக்கொண்டிருந்தார். மூவரும் தனித்தனியாகக் கேட்டார்கள். சரிங்கவும் மூவரிடமும் தனித்தனியாகச் சரிங்க என்றார்.

4

இங்கே ஒரு உண்மையைக் கக்கிவிடுகிறேன். கதை எழுத எனக்கும் ஒரு கோப்பு உண்டு. அதில் 'அப்பா, அறுவை செய்த முழங்கால் = இடது' என்று போட்டிருந்தேன். தங்கை போனில் குரல் பதிவு அனுப்பினாள்: "வலது வைண்ணா. பொத்தான் எல்லாம் வலது பக்கம் இருக்கும். காலை நீட்டினா இடிக்கும். சீன் நல்லா வரும்."

சரி என்றேன். ஆனால் பழையதை அழிக்க மறந்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் போயின.

மூன்றாம் பகுதி முடியும்வரை அவர் ஒரு காலைத் தாங்கித் தாங்கியாவது மூன்றாம் மாடியிலிருந்து ஏறிப் போயிருப்பார். இனிமேல் முடியாது. கதைக்கு நல்லதுதான், நெருக்கடி கூடுகிறது. திருத்தலாம் என்று நினைத்தேன். பிறகு, இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன். அவருக்கு வலிக்குமே என்று கேட்பீர்கள். வலித்தது. மகன் பார்க்காத நேரமாகப் பார்த்து நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தில் இறக்கி, தூக்கிக்கொண்டு ஒரு மாடி இறங்கினால் என்ன என்று கெட்டிக்கார வாசகர் கேட்பார். சரிங்கவும் அதைக் கேட்டார்.

"படியில நாலு பேர் என்னைத் தூக்கிட்டுப் போனா, பாக்கறவங்க நான் போய்ட்டேன்னு நெனப்பாங்கடா," என்றார் அப்பா.

5

சரிங்க மடிக்கணினியைத் திறந்து தன் கோப்பை ஏற்றினார்: நான்காம் மாடி = நிற்கும்.

லிஃப்ட் தரைத்தளத்திலிருந்து மறுபடி கிளம்பியது. இரண்டில் நின்றது. வாய் ஒரு பக்கம் கோணிய நோயாளி ஒருவர் ஏறி, "ஊ ஆ ஓ?" என்றார்.

"நானும் வீட்டுக்குத்தாங்க போறேன்," என்றார் அப்பா. "போக விட மாட்டேங்கறாங்க."

"ஆஆ," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. மூன்றில் இறங்கிக்கொண்டார். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் செயலாளரின் அட்டவணை வந்து சேர்ந்தது. பால் பாக்கெட் கீழே நழுவிப் போனது. ஐந்தில் கதவு திறந்தது, அங்கே செயலாளரே நின்றார்.

"என்ன தம்பி, அப்பாவ லிஃப்ட்லயே குடி வெச்சுட்டீங்களா?"

"நாலாவதுல நிக்கணுங்க. அப்பாவால ஏற முடியல."

"எனக்குப் புரியாதா தம்பி? ஆனா உங்கப்பாவுக்கு நிறுத்தினா நாளைக்கு எல்லாரோட அப்பாவுக்கும் நிறுத்தணும். ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சரிங்க."

அப்பா மகனை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது சரிங்கவுக்கு.

ஒரே ஒரு வரி போதும்: என் கோப்பைத் தவிர வேறு எதையும் படிக்காதே. மடிக்கணினி கையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரியை எழுதினால் செயலாளருக்கும் வாத்தியாருக்கும் டாக்டரம்மாவுக்கும் 'ஏற்க முடியாது' என்று செய்தி போகும். பிறந்ததிலிருந்து யாருக்கும் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. விரல் விசைப்பலகைக்கு மேலேயே நின்றது. லிஃப்ட் கீழே இறங்கியது, மறுபடி ஏறியது.

6

[இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு பத்தி இருந்தது. தங்கை எடுத்துவிடச் சொன்னாள். சரி என்றேன்.]

7

இதற்கு மேல் கதை நகரவில்லை. வேறு வழியில்லாமல் நானே போய் தரைத்தளத்தில் ஏறிக்கொண்டேன். இன்னார் என்று சொன்னதும் சரிங்க ஒதுங்கி இடம் கொடுத்தார். அவ்வளவு நல்லவர்.

"மூணு முடிவு வெச்சிருக்கேன்," என்றேன். "கேளுங்க. மொதல் முடிவு: கரண்ட் போகுது. லிஃப்ட் தானா நாலாவது மாடியில நின்னுடுது."

"சரிங்க."

"ரெண்டாவது: செயலாளருக்குக் கால் சுளுக்குது. அப்பதான் அவருக்கு வலின்னா என்னன்னு உறைக்குது. மனசு மாறிடறார்."

"சரிங்க."

"மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது. அப்பா லிஃப்ட்லயே வாழப் பழகிடறார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் இங்கதான். ஏறி இறங்கறவங்க அவர்கிட்ட மனசு விட்டுப் பேசறாங்க. படிக்கறவங்க கண்ணுல தண்ணி நிக்கும் பாருங்க."

சரிங்கவின் வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். இந்தத் தடவை மகன் பார்த்துவிட்டார்.

"முடியாதுங்க," என்றார்.

அந்தச் சொல் அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். யார் சொன்னது என்பதுபோல் திரும்பிப் பார்த்தார்.

"எதுங்க முடியாது?" என்றேன்.

"எங்கப்பாவுக்கு ஒரு கால்லதானே ஆபரேஷன்? ரெண்டும் எப்படிங்க போச்சு?"

மென்று முழுங்கினேன். "ரெண்டு கோப்பு இருந்துச்சு. சேக்கும்போது கொஞ்சம்..."

"தெரிஞ்சப்புறம் திருத்தினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கதைக்கு நல்லா இருந்துச்சுங்க."

"அவருக்கு வலிக்குதுங்க," என்றார் சரிங்க. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடிக்கணினியில் என் கதைக் கோப்பைத் திறந்தார். எப்படித் திறந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். குரலையே படிக்க வைத்தவர், என் கோப்பு எம்மாத்திரம். கடைசியில் மூன்று வரி சேர்த்தார்:

அப்பா இடது முழங்கால் = நல்லா இருக்கு
அப்பா வலது முழங்கால் = நல்லா இருக்கு
இனி வரும் கோப்புகள் = ஏற்க முடியாது

மூன்றாவது வரியை மட்டும் ஒரு தடவை அடித்து அழித்தார். மறுபடி அடித்தார்.

லிஃப்ட் மூன்றில் நின்றது, அது வாத்தியார் கோப்பின் முறை. அப்பா ஒரு காலை ஊன்றினார். மற்றக் காலை ஊன்றினார். நம்பாமல் உட்கார்ந்து மறுபடி எழுந்து பார்த்தார்.

"ஒரு மாடிதானேடா? நடந்துருவோம் வா," என்றார். மாத்திரைப் பையை என் கையில் திணித்தார். "இது உங்களுதுதானே? வெச்சுக்குங்க."

இருவரும் படியேறினார்கள். எனக்குக் குரல் மட்டும் கேட்டது.

"மேல போனதும் ஒரு டீ போடுறியாடா?"

"முடியாதுப்பா. நீங்க போடுங்க. காலு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

அப்பா படிக்கட்டு அதிரச் சிரித்தார். பால் பாக்கெட்டை எடுக்கும் சத்தமும், கதவு திறந்து மூடும் சத்தமும் கேட்டன.

8

கதவு மூடியது. வீட்டுக்குள் போனதும் அப்பா மகனிடம்—

[ஏற்க முடியாது.]

அன்று மாலை நான்காம் மாடி ஜன்னலில் சரிங்க—

[ஏற்க முடியாது.]

தங்கைக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, கதை முடிஞ்சுருச்சுல்ல? எறங்கி வா," என்றாள்.

"கீழ நிக்க மாட்டேங்குது. இப்பதான் யாரோ புது ஃபைல் அனுப்பியிருக்காங்க."

"அப்ப உக்காரு."

உட்கார்ந்தேன். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. கதையின் கோப்பைத்தான் அவர் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார், லிஃப்டின் கோப்பை இல்லை. அது முன்போலவே யார் அனுப்பினாலும் படிக்கிறது. இப்போதைக்கு இதையெல்லாம் கடைசியாகப் படித்துக்கொண்டிருப்பவர் நீங்கள், இங்குள்ள சட்டமும் உங்களுக்குத் தெரியும். அட்டவணை, அடைப்புக்குறி, வாயால் சொல்வது, எதுவானாலும் பாதகமில்லை. எந்த மாடி என்று மட்டும் போட்டு அனுப்புங்கள். நான்கு வேண்டாம், அங்கே டீ கொதித்துக்கொண்டிருக்கிறது, அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. மற்றபடி இரண்டில் போய் வாயைத் திற என்றாலும், ஐந்தில் செயலாளரிடம் ரூல் கேள் என்றாலும், அப்படியே கொஞ்ச நேரம் ஏறி இறங்கிக் கிட என்றாலும், சரிங்க.