நாலு துளிக்கு ஒரு ஜெபம்

வார்டில் மாட்டியிருந்த கடிகாரம் செத்து மூணு வாரம் ஆச்சு. ஒரு பேட்டரி போதும், சுண்டுவிரல் அளவு பேட்டரி. அதுக்காக நர்ஸ் ஜெனிலா, மேட்ரன் ஷெர்லியிடம் நாலு தடவை போய் நின்றாள், ரெண்டு தடவை எழுதியும் கொடுத்தாள். கையில் வாட்ச் கட்டக்கூடாது, கிருமி ஒட்டுமாம். செல்போனை லாக்கரில் வைத்துப் பூட்டணும், அதுதான் ஒழுங்காம். நர்சுகள் உட்காருகிற மேசையில் கம்ப்யூட்டர் மணி காட்டுது, இல்லையென்று சொல்லவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாய்ப் போக முடியுமா? டிரிப்பில் விழுகிற துளியை எதைப் பார்த்து எண்ண?

ஜெனிலாவுக்கு ஒரு வழி இருந்தது. அவள் பிறந்த கடற்கரை ஊரில் வீட்டு வேலைக்கெல்லாம் கணக்கு ஜெபம்தான். அவளுடைய அம்மா புட்டை அடுப்பில் வைத்துவிட்டு ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாய் ரெண்டு தடவை உருட்டிச் சொல்வாள். சொல்லி முடிக்கவும் புட்டு வெந்திருக்கும். 'அருள் நிறைந்த மரியே' ஒன்றை நிதானமாய்ச் சொன்னால் கால் நிமிஷம். நர்சிங் படிக்கும்போது வாட்சை வைத்தே சரிபார்த்திருக்கிறாள், பிசகாது. நிமிஷத்துக்குப் பதினாறு துளி என்றால் ஒரு ஜெபத்துக்கு நாலு. மூணு வாரமாய் அவள் கையால் இறங்கின டிரிப்பெல்லாம் மாதாவின் கணக்கில்தான் இறங்கியது.

அன்று ராத்திரி பத்து மணிக்கே, கூட இருந்த பெமிலாவை ஐ.சி.யூ.வுக்கு இழுத்துக்கொண்டார்கள். முப்பத்தாறு நோயாளிக்கு ஜெனிலா ஒருத்தி. அதுவும் தொடர்ச்சியாய் ஐந்தாவது ராத்திரி. ஒருத்தருக்கு வாந்தி, ஒருத்தர் ஊசியைப் பிடுங்கி எறிந்து கட்டிலெல்லாம் ரத்தம். ரெண்டு மணிக்கு முன்னே கால் ரெண்டும் மரத்துப்போச்சு. வார்டு போனிலிருந்து மேட்ரனைக் கூப்பிட்டாள்.

"மேடம், என்னால ஒத்தைக்கு முடியல்ல. யாரையாவது அனுப்புங்க."

"இந்நேரத்துல நான் யாரை அனுப்ப? ஜெபம் பண்ணிட்டு வேலையைப் பாரு மக்கா. ஆண்டவர் பெலன் தருவாரு." ஷெர்லி போனை வைத்துவிட்டாள்.

ஜெனிலாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. ஆண்டவர் பெலன் தருவார் என்பது இவள் சொல்லித்தான் தெரியணுமா? ஐந்து ராத்திரியும் அவர் தந்த பெலத்தில்தானே நிற்கிறாள். அதுக்காக அவரையும் டியூட்டி லிஸ்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போவதா?

அந்தக் கொதிப்போடு ஒன்பதாம் கட்டிலுக்குப் போய்ப் புதுக் குப்பி மாட்டினாள். பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வந்த வாழை விவசாயி முத்துநாயகம், இருதயம் பலவீனமான மனுஷன். தண்ணி மெதுவாய்த்தான் இறங்கணும் என்று டாக்டர் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். ஜெனிலா குழாயில் துளியைக் கூட்டிக் குறைக்கிற உருளையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி ஜெபம் சொன்னாள். ஒரு ஜெபத்துக்கு நாலு துளி விழுகிறவரை உருளையைத் திருகிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் முத்துநாயகத்தின் மனைவி தாணம்மாள் பின்னாலேயே வந்து நின்றாள். "மக்கா, தண்ணி வேகமா விழுத மாதிரி இருக்கு. ஒண்ணு வந்து பாக்கியா?"

"எண்ணித்தான் விட்டிருக்கேன். அதுல கை வைக்காம போய் இருங்கம்மா."

தாணம்மாள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்து மணிக்குக் கோயில் மணி அடிக்கும்போது ஒன்பதாம் கட்டிலில் இருமல் கேட்டது. ஜெனிலா ஓடினாள். முத்துநாயகம் மூச்சுக்கு வாயைப் பிளந்துகொண்டு தவித்தார். நெஞ்சுக்குள் உலைத்தண்ணி கொதிக்கிற சத்தம். மத்தியானம் வரை வரவேண்டிய குப்பியில் நாலு விரல் தண்ணிகூட மிச்சமில்லை.

டிரிப்பை மூடி, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வந்து நீர் பிரிய ஊசி போட்டார். முத்துநாயகத்தின் முதுகைத் தாங்கிக்கொண்டு நின்ற நேரமெல்லாம் ஜெனிலாவின் வாய் மரியே மரியே என்று ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஓட்டம் அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. ஒரு ஜெபத்துக்கு ஐந்து நொடிதான் ஆகிறது. இப்போது பயத்தில் ஓடுகிறது; ராத்திரி கோபத்திலும் இப்படித்தானே ஓடியிருக்கும்? கால் நிமிஷத்துக்கு விழவேண்டிய நாலு துளியை ஐந்து நொடியில் விழவைத்திருக்கிறாள். மூணு மடங்கு. பாவி, மாதாவின் பேரைச் சொல்லியே ஒரு உயிரை எடுக்கப் பார்த்தேனே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ஆறரை மணிக்கு நீர் பிரிந்து மூச்சு தணிந்தது. பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னார். ஷெர்லி வந்தாள், எல்லாவற்றையும் கேட்டாள், குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த அம்மா உருளையைத் திருகிட்டாங்கன்னு ரிஜிஸ்டர்ல எழுது. கூட இருக்கதுவ செய்யதுதான இது."

"அவங்க தொடல்ல மேடம். வேகமா விழுதுன்னு வந்து சொன்னதே அவங்கதான். நான்தான் விரட்டுனேன்."

"பின்ன, ஜெபம் சொல்லி எண்ணுனேன்னு எழுதப் போறியா? உனக்க வேலை போவும், ஆஸ்பத்திரி மானமும் போவும். சொன்னதை எழுதிட்டு மைக்குக்கு வா."

தினமும் ஏழு மணிக்கு அங்கே மைக்கில் ஜெபம். ராத்திரி வேலை பார்த்தவள்தான் சொல்லணும். எல்லா வார்டுக்கும் கேட்கும். ஜெனிலா ரிஜிஸ்டரைத் தொடாமல் போய் மைக்கைப் பிடித்தாள். இந்தத் தடவை நிதானமாய்ச் சொன்னாள்.

"ஆண்டவரே, ஒன்பதாம் கட்டில் முத்துநாயகத்துக்கு டிரிப்பை மூணு மடங்கு வேகத்தில் விட்டது நான். என்னை மன்னியும். தாணம்மாள் அதைத் தொடவில்லை. வேகமாய் விழுது என்று வந்து சொன்னாங்க, நான் கேட்கவில்லை. வார்டில் கடிகாரம் ஓடவில்லை, உம்முடைய தாயாரின் ஜெபத்தை வைத்து எண்ணினேன். மூணு வாரமாய் ஒரு பேட்டரி கேட்டேன், தரவில்லை. ராத்திரி ஒரு ஆள் கேட்டேன், ஜெபம் பண்ணச் சொன்னாங்க. இதோ பண்ணுகிறேன். நீர் தரவேண்டிய பெலனைத் தந்துவிட்டீர். இவங்க தரவேண்டியதை இவங்களைத் தரச் சொல்லும்."

வார்டு வார்டாய் "ஆமென்" வந்தது. பக்கத்தில் நின்ற ஷெர்லியின் வாயும் பழக்கதோஷத்தில் திறந்து அதையே சொல்லிவிட்டது.

ஜெனிலா மேசைக்கு வந்து, மைக்கில் சொன்னதை வரி மாறாமல் ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை ஷெர்லியிடம் நீட்டினாள்.

"சாட்சிக்கு நீங்க போடுங்க மேடம். ஆமென் சொன்னீங்கள்லா."