ஒன்பதடி வால்

காலை ஏழரை மணிக்குக் கிளைவ் ஹார்பாட்டில் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காரின் பின்பக்கம் கூம்பி நீண்ட வால் மேல் குனிந்து, இடது கன்னத்தை அலுமினியத்தில் வைத்தார். தகடு ராத்திரிக் குளிர் முழுவதையும் குடித்து வைத்திருந்தது. கன்னம் எரிந்தது. அப்படியே முகத்தை நகர்த்திக்கொண்டு முதுகுப் பக்கத்திலிருந்து கூர்நுனிவரை போனார். பாதி வழியில் நின்றார். மேல்சட்டைப் பையிலிருந்து மெழுகுப் பென்சிலை முஷ்டியால் பிடித்து எடுத்து, அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா?" கதவை முழுக்கத் தள்ளிக்கொண்டு டெஸ்மண்ட் உள்ளே வந்தான். வெல்டிங் அவன் வேலை. இருபத்திரண்டு வருடமாக இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. "வீட்ல மேவிஸுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டுத்தான வந்த? இல்ல எல்லாத்தையும் இந்தத் தகரத்துக்கே சேத்து வச்சிருக்கியா?"

"தகரங்காத. அலுமினியம்."

"சரிய்யா. அலுமினியப் பொண்டாட்டி."

கிளைவ், வட்டம் போட்ட இடத்துக்குக் கீழே இரும்புத் தாங்கலைப் பிடித்து, மேலிருந்து மரச்சுத்தியால் மூன்று தட்டுத் தட்டினார். மறுபடி கன்னத்தை வைத்தார். மேடு போயிருந்தது.

டிங்கரிங் செய்கிறவன் தகட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை. உள்ளங்கையை விரித்து வழுக்கவிட்டால் தலைமுடி கனத்துக்கு இருக்கும் மேடும் பள்ளமும் விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். கிளைவுக்கு நான்கு வருடமாக அது தெரிவதில்லை. காற்றுச் சுத்தியலும் கிரைண்டரும் முப்பத்தொன்பது வருடம் அதிர்ந்து அதிர்ந்து, முதலில் வலது சுண்டுவிரல், பிறகு மோதிரவிரல், பிறகு இரண்டு கையிலும் நான்கு நான்கு விரல்கள். குளிர் பட்டால் இரண்டாம் கணுவரை வெளுத்துவிடும். அதன் பிறகுதான் கன்னம். பகல் சாப்பாட்டு வேளையில் பட்டறைக் கழுவுதொட்டியில் இன்னொரு முறை சவரம் செய்துகொள்வார். ரோமம் முளைத்தால் தகடு பேசாது.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இந்தப் பட்டறைக்குப் பழைய கார்களைத் திரும்பக் கட்டுவதுதான் தொழில். இப்போது நடுவில் நிற்பது 'கிரே ஹெரன்'. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் வேல்ஸ் கடற்கரை மணலில் ஓடிய சாதனைக் கார். அசல் கார் இப்போது இல்லை. யுத்தத்தில் விமானத் தகட்டுக்காக உருக்கிவிட்டார்கள். மிஞ்சிய பதினொரு புகைப்படங்களையும் ஒரு வரைபடத்தையும் வைத்து, அட்டர்பரி என்ற பணக்காரர் அதே போல இன்னொன்று கேட்டிருந்தார். மே மாதம் அதே மணலில், அந்த வயதுக் கார்களுக்குள் வேகச் சாதனை. எல்லாம் கையால் செய்யவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அச்சில் அழுத்திய ஒரு தகடும் கூடாது.

அசல் காரின் வாலைத் தட்டிச் செய்தவர் ஈனாக் ஹார்பாட்டில், கிளைவின் தாத்தா. முதலாளி ரூபர்ட் இந்த வேலையைப் பிடித்ததே அதைச் சொல்லித்தான். "அந்த வாலைச் செஞ்சவரோட பேரனே எங்ககிட்ட இருக்கார்" என்று அட்டர்பரியிடம் சொன்னபோது கிளைவ் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே போனார்.

*

செவ்வாய்க்கிழமை நர்ஸ் வந்தாள். அதிர்கிற கருவி பிடிப்பவர்களை வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும் என்பது சட்டம். சாப்பாட்டு அறையில் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

கிளைவின் முறைக்கு முன் டெஸ்மண்ட் அவரைத் தேநீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் கண்டான். கொதிக்கும் பாத்திரத்தின் பக்கவாட்டில் இரண்டு கையையும் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றார். விரல்கள் சிவந்துகொண்டிருந்தன.

"இந்த வருஷமாவது ஆமான்னு எழுதுய்யா," என்றான் டெஸ்மண்ட் தணிந்த குரலில். "ஏழு வருஷமா இந்தக் கூத்து. எங்க சித்தப்பா இப்படித்தான், ஃபவுண்டரியில கைய விட்டுட்டு, கடைசில நஷ்டஈடு கேக்கப் போனா ஒரு தாளும் இல்ல. தாள் இல்லன்னா நீ மனுஷனே இல்ல."

"ஆமான்னு எழுதினா அன்னிக்கே சுத்தியல புடுங்கிருவாங்க."

"புடுங்கட்டும்."

"வால் யாரு முடிப்பா?"

"எவனாவது முடிப்பான்! பர்மிங்ஹாம்ல இருந்து அந்த நெட்டைய கூட்டிட்டு வருவாங்க."

"அதத்தான் சொல்றேன்," என்றார் கிளைவ். "எங்க வீட்டு வேலைய நெட்ட முடிக்க மாட்டான். மூணு வாரம். முடிச்சிட்டு நானே போய்ச் சொல்றேன்."

"உங்க தாத்தா குழியில இருந்து எந்திரிச்சு வந்து மெடல் குத்தப் போறாரு பாரு."

தாளில் ஒன்பது கேள்விகள் இருந்தன. குளிரில் விரல் வெளுக்கிறதா? மரத்துப்போகிறதா? சிறிய பொருள்களை எடுக்க, பித்தான் போடச் சிரமம் உண்டா? கிளைவ் பேனாவை முஷ்டிக்குள் பிடித்து, 'இல்லை' என்ற கட்டத்தில் ஒன்பது முறை குறி போட்டார். நர்ஸ் அவர் பேனா பிடித்த விதத்தைப் பார்த்தாள். கையைப் புரட்டிப் பார்த்தாள். சூடாக, சிவப்பாக இருந்தது.

"நிஜமாவே ஒண்ணும் இல்லையா, மிஸ்டர் ஹார்பாட்டில்?"

"உங்க காகிதத்துல என்ன இருக்கோ அதுதாம்மா."

அவள் முத்திரையைக் குத்தினாள். வெளியே அடுத்த ஆள் நின்றிருந்தான்.

*

மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். சாயங்காலம் கணவன் வந்ததும் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்துச் சட்டைப் பித்தான்களைக் கழற்றுவாள். காலையில் போடுவதும் அவள்தான். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

அன்று பேசினாள். "இன்னிக்கு நர்ஸ் வந்திருப்பாளே."

"வந்தா."

"என்ன எழுதின?"

கிளைவ் சன்னல் பக்கம் பார்த்தார். அவள் மூன்றாவது பித்தானில் நின்றுவிட்டாள்.

"ஏன் கிளைவ், உன் மானத்துக்கு நான் இன்னும் எத்தன வருஷம் பித்தான் மாட்டணும்?"

"மூணு வாரம்னு சொன்னேன்ல."

"உங்க அப்பாவும் இதத்தான் சொன்னாரு. கடைசில அவரு வாய்க்குக் கரண்டி கொண்டுபோனது உங்க அம்மா கை."

"எங்க அப்பா யார்கிட்டயும் போய்க் கை நீட்டல."

"நீட்டறதுக்குக் கை எங்க இருந்துச்சு?"

அதற்குப் பிறகு அவள் மீதிப் பித்தான்களைக் கழற்றினாள். அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய தட்டில் இறைச்சியை வழக்கம்போலச் சிறு துண்டுகளாக வெட்டி வைத்தாள்.

*

மூன்று வாரமும் உறைபனி. வாலின் இரண்டு பாதிகளையும் சேர்த்து டெஸ்மண்ட் பற்றவைத்தான். பற்றவைத்த தையலைக் காற்றுச் சுத்தியலால் கிளைவ் தட்டித் தட்டிச் சமமாக்கினார். ஒரு நாளில் ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம். மணிக்கு நூற்றெழுபது மைல் வேகத்தில் அந்தத் தையலில் ஒரு மேடு இருந்தால் காற்று அங்கே பிடித்துக்கொள்ளும், கார் மணலில் நிலைகொள்ளாது. அதனால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கன்னம். தகடு சூடாக இருக்கும் இடத்தில் கன்னம் சிவந்தது. குளிர்ந்த இடத்தில் தோல் உரிந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் டெஸ்மண்ட் மூக்கைச் சுருக்கினான். ஏதோ தீய்ந்த வாசனை. திரும்பிப் பார்த்தவன் கத்தினான். "கைய எடுய்யா! கை! கை!"

கிளைவின் இடது கை, அப்போதுதான் பற்றவைத்த தையலின் மேல் இருந்தது. அவர் குனிந்து பார்த்த பிறகுதான் கையை எடுத்தார். இரண்டு விரல் நுனிகளில் தோல் தகட்டோடு போயிருந்தது.

"வலிக்கலியா?"

"இல்ல," என்றார். வாலில் ஒட்டியிருந்ததைக் கத்தியால் சுரண்டத் தொடங்கினார். தகட்டில் கீறல் விழக்கூடாது என்பதில்தான் அவருக்குக் கவனம் இருந்தது.

ரூபர்ட் அலுவலகக் கண்ணாடிச் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான். "எல்லாம் சரிதான?" என்று கேட்டான். சரிதான் என்று கிளைவ் சொன்னார். கண்ணாடி மூடிக்கொண்டது.

டிசம்பர் பதினாலாம் தேதி வால் முடிந்தது. முதுகிலிருந்து நுனிவரை ஒன்பதடி. கிளைவ் கடைசியாக ஒருமுறை கன்னத்தை ஓடவிட்டார். எங்கேயும் நிற்கவில்லை. மறுபக்கமும் அப்படியே. ஏப்ரனை அவிழ்க்க முயன்று முடியாமல், அதோடேயே அலுவலகத்துக்குள் போனார்.

"வால் முடிஞ்சிருச்சு, ரூபர்ட்."

"பாத்தேன். அற்புதம், கிளைவ். அட்டர்பரி வெள்ளிக்கிழமை வர்றாரு, பத்திரிகைக்காரனோட."

"இன்னொண்ணு. நர்ஸ் தாளு. அத மாத்தணும். நான் தப்பா எழுதிட்டேன்."

ரூபர்ட் பேனாவைக் கீழே வைத்தான். நாற்பது வயதிருக்கும். அவன் அப்பா காலத்தில் இந்த அறைக்குள் அவன் பந்தோடு ஓடிவந்ததைக் கிளைவ் பார்த்திருக்கிறார்.

"தப்பான்னா?"

கிளைவ் இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். அறை சூடாக இருந்தது, ஆனாலும் விரல்கள் வெள்ளையாகவே இருந்தன. ஒரு வாரமாக அவை திரும்பி வருவதில்லை.

ரூபர்ட் எழுந்து கதவைச் சாத்தினான். "இத நீங்க எனக்குச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டீங்க, இனி உங்கள நான் கருவி தொடவிட முடியாது. சட்டம். ஒரு நிமிஷம்கூட முடியாது."

"தெரியும். வேற வேல குடு. காருக்கு மரக்கூடு அறுக்கறேன், சாமான் எடுத்துக் குடுக்கறேன்."

"வேற வேல எங்க இருக்கு, கிளைவ்? எட்டுப் பேரு இருக்கற பட்டற."

"அப்ப நஷ்டஈட்டுக்கு எழுதித் தா."

"எப்படி எழுதறது? மூணு வாரம் முந்தி ஒண்ணுமே இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதுக்கு முன்னாடி ஆறு வருஷமும் அதே. இன்சூரன்ஸ்காரன் அந்த ஏழு தாளையும் எடுத்து என் முன்னாடி போடுவான். நாங்க கேட்டோம், இவரு இல்லன்னாரு, அவ்வளவுதான்."

"நீ பாத்தியே. தெனம் பாத்த. நான் கன்னத்த வச்சு வேல செய்யறத இந்தக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

ரூபர்ட் முகம் சிவந்தது. "அது உங்க வீட்டு வழக்கம் போலன்னு நெனச்சேன். உங்க தாத்தா அப்படித்தான் செய்வாரு போலன்னு."

கிளைவ் கையை மேசையிலிருந்து எடுத்தார். "எங்க தாத்தா கையாலதான் செஞ்சாரு," என்றார்.

"வெள்ளிக்கிழம வாங்க. அட்டர்பரி உங்களப் பாக்கணும்பாரு. அன்னிக்கு வரைக்கும் சம்பளம் போடறேன். அதுக்கப்புறம்…" ரூபர்ட் பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

*

வெள்ளிக்கிழமை மேவிஸ் அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். கழுத்துப் பித்தான்வரை போட்டு, டையும் கட்டினாள். "நேரா நில்லு," என்றாள். சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

கிரே ஹெரன் வண்ணம் பூசாமல், பளபளவென்று பட்டறை நடுவில் நின்றது. அட்டர்பரி இரண்டு முறை சுற்றி வந்தார். கிளைவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், "ரொம்ப ஜில்லுனு இருக்கே" என்று சிரித்தார், பிறகு எஞ்சின் பக்கம் போய்விட்டார். போட்டோக்காரன் இளைஞன். காரை முழுசாக, பாதியாக, சக்கரத்தோடு, எல்லாம் எடுத்து முடித்துவிட்டு, கடைசியாக ஒரு படம் வேண்டும் என்றான். முதல் பக்கத்துக்கு. கையால் கட்டிய கார், அதனால் ஒரு கை மட்டும். வாலின் மேல் தடவுகிற மாதிரி.

"செஞ்சவரே இருக்காரு," என்று ரூபர்ட் கிளைவைக் காட்டினான்.

கிளைவ் கோட்டைக் கழற்றினார். டெஸ்மண்ட் வந்து அவருடைய சட்டைக்கையை மடித்துவிட்டான். கிளைவ் வலது கையை வாலின் முதுகில் வைத்தார். கதவு திறந்திருந்தது, காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. போட்டோக்காரன் குனிந்து காமிராவுக்குள் பார்த்தான். நிமிர்ந்தான். விளக்கை நகர்த்தினான். மறுபடி பார்த்தான்.

"விரலெல்லாம் படத்துல மெழுகு மாதிரி விழுது. இந்த லைட்டாலயா? இடது கைய வைக்கறீங்களா?"

இடது கையை வைத்தார். இரண்டு நுனியில் கறுப்புப் பொருக்கு.

"மன்னிச்சுக்கங்க சார்," என்றான் போட்டோக்காரன் தயங்கி. "பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். வேற யாராவது…"

டெஸ்மண்டைப் பார்த்தான். டெஸ்மண்ட் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, கூரையைப் பார்த்தான். "எனக்கு இன்னிக்குக் கை இல்லப்பா," என்றான்.

ரூபர்ட் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். எஞ்சினுக்குக் கீழே இருந்த தட்டில் விரல்களைத் தோய்த்து, நகக்கண்ணில் எண்ணெய் ஏறும்படி தேய்த்துக்கொண்டான். வாலின் மேல் வைத்தான்.

"அருமை," என்றான் போட்டோக்காரன். "அழுத்த வேண்டாம். சும்மா, வழுக்கற மாதிரி. அப்படியே."

பதினைந்து படம் எடுத்தான். எல்லோரும் காமிராத் திரையைப் பார்க்கக் கூடினார்கள். வாலின் முதுகில் ஐந்து விரலும் ஓர் உள்ளங்கையும் எண்ணெயில் பதிந்திருந்தன. ஓரமாக ஒழுகத் தொடங்கியிருந்தது.

"யாராவது அதத் துடைச்சிடுங்க, கறை பிடிச்சிரும்," என்றான் ரூபர்ட் திரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

கிளைவ் மேசைக்குப் போய்த் துணியை எடுத்தார். வாலின் பக்கம் வந்து நின்றார். கீழே குனிந்து, துணி கையில் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. துடைத்தார்.