பாதி எரிந்த சதுப்பு

1.

இந்தக் கதை என் பால் வண்டியில் ஏறி வந்தது. தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் வீடு வீடாகப் பால் எடுப்பது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் எழுதுவேன். போன ஆகஸ்டில் ஒரு நாள் கேத்திவே டிலாட்லா வழியில் கைகாட்டி ஏறினாள். எங்கள் ஊர்த் தீத்தடுப்புக் குழுவின் தலைவி அவள். முகமெல்லாம் கரி. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒரு எலியால வம்பு," என்றாள்.

அன்றிலிருந்து இந்தக் கதைக்கு ஒரு தொடக்கம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

'பொன்னிறப் புல்வெளியின்மேல் குளிர்காலச் சூரியன்...' வேண்டாம். ஆகஸ்டில், குளிர்கால முடிவில், எங்கள் புல் சாக்கு நிறத்தில் இருக்கும்.

'தாய்மை என்பது எந்த உயிரிலும்...' இதை அவளிடமே வாசித்துக் காட்டினேன். "எலின்னா எலிதான். அத ஏன் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போற?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

2.

பெருங்காற்று வருவதற்குள் காய்ந்த புல்லை நாங்களே அளவாக எரித்துவிடுவோம். இந்த முறை ஓடையோரச் சதுப்பையும் எரிக்க வேண்டுமென்று கேத்திவேயின் அண்ணன் பெகுமூசி கேட்டார். எரிந்த நிலத்தில்தான் முதல் மழைக்கே தளிர் வரும். அவருடைய மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. ஊர் சம்மதித்தது. கேத்திவே மேல்விளிம்பில் தீ வைத்தாள்.

[இங்கே எலியைப் பற்றிக் கொஞ்சம். சதுப்பு எலி குண்டாக, மொட்டை மூக்கோடு, குட்டை வாலோடு இருக்கும். வீட்டுத் தானியத்துக்கு வராது. புல்தான் சாப்பாடு. புல்லுக்கடியிலேயே பாதை போட்டு, ஓரமெல்லாம் தண்டைத் துண்டு துண்டாய்க் கடித்துப் போட்டிருக்கும். புல் எரிந்தால் அதற்குச் சோறும் கூரையும் ஒன்றாகப் போய்விடும். லெசோத்தோ நாட்டுப் பக்கத்து மலையுச்சியில் இதன் சொந்தம் ஒன்று காலையில் பாறைமேல் வெயில் காயும். குளிருக்கு வளைக்குள் கூட்டமாய் ஒட்டிப் படுக்கும். அதையும் கதைக்குள் கொண்டுவரப் பார்த்தேன். இடமில்லை.]

3.

புகைக்குள்ளிருந்து ஒரு எலி கேத்திவேயின் பூட்ஸ்மேல் ஏறி ஓடியது. அடிவயிற்றில் இரண்டு குட்டிகள் இழுபட்டுப் போயின. பிறக்கும்போதே அவற்றுக்கு முன்பல் உண்டு. தாயின் முலைக்காம்பைக் கவ்விக்கொண்டால் விடாது. தாய் எரியாத பக்கம் போய் மறைந்தது.

கேத்திவே கையை உயர்த்தினாள். குழு ரப்பர் மட்டைகளால் தீயை அடித்து அணைத்தது. கீழ்ப்பாதி எரியாமல் நின்றது.

பெகுமூசி ஓடி வந்து கத்தினார். "எலிக்குச் சோறு போட்டுட்டு என் மாட்டப் பட்டினி போடுறியா?"

"பாதி உன் மாட்டுக்கு, பாதி அதுக்கு. விடு அண்ணே."

அன்றுதான் அவள் என் வண்டியில் ஏறியது.

4.

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விட்டால் கதை அழகாயிருக்கும், ஆனால்...

சரி. சில நாள் கழித்துக் காற்று வந்தது. ஓடைக்கு அப்பாலிருந்து யாருடைய தீயோ தாவி, எரியாத அந்தப் பாதிக்குள் புகுந்து, பெகுமூசியின் தொழுவம் வரை வந்தது. பெரிய மாடுகள் வேலியை உடைத்துத் தப்பின. ஒரு கன்று செத்தது.

மறுநாள் கேத்திவே சாம்பலுக்குள் நடந்து பார்த்தாள். நடுவில், தண்ணீர் நின்ற இடத்தில், கொஞ்சம் கோரை மிஞ்சியிருந்தது. அதன் அடியில் புதிதாகக் கடித்துப் போட்ட தண்டுகள். எந்த எலி கடித்தது என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லப்போவதில்லை.

5.

ஊர்த்தலைவர் சோண்டி கூட்டம் போட்டார். தீயைப் பாதியில் நிறுத்தியது யார் என்று கேட்டார். எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் வாயால் வர வேண்டும்.

பெகுமூசி எழுந்தார். "நான்தான் தங்கச்சிய நிறுத்தச் சொன்னேன்."

அவர் கத்தியதை ஊரே கேட்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கேத்திவே உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அண்ணன் பொய் சொல்றாரு, தலைவரே. நான்தான் நிறுத்துனேன். விட்ட பாதியச் சுத்தி, வெளித்தீ தாண்டி வராம, ஒரு பட்டை எரிச்சுக் கருக்கி வச்சிருக்கணும். வைக்கல. அது என் தப்பு."

"மறுபடியும் எலி வந்தா?" என்றார் சோண்டி.

"மறுபடியும் நிறுத்துவேன். சுத்திக் கருக்கிட்டு."

பெகுமூசி அவளைப் பார்க்கவில்லை. காப்பாற்ற வந்தாலும் விடாத தங்கையை என்ன செய்வது என்று தெரியாத முகம் அது.

6.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஊர் அவளைக் கொண்டாடுகிறது. படிக்க எனக்கே கூச்சமாயிருந்தது. மற்றதில் பதவி போய், அவள் பேருந்தேறி டர்பன் நகரத்துக்குப் போகிறாள். அவள் போகிறவள் இல்லை.

நடந்தது இது: அடுத்த குளிர்காலத்திலும் தீ இவள் கையில் இருக்கலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் சோண்டி. சில கைகள் எழுந்தன. சில எழவில்லை. பெகுமூசியின் கை முழங்கால்மேல் இருந்தது. விரல்கள் மட்டும் அசைந்தன.

நான் இங்கே நிறுத்துகிறேன். பெஞ்சில் என் பக்கத்தில் இடம் இருக்கிறது, உட்காருங்கள். கன்றை இழந்தவர் எதிரே இருக்கிறார். அவளும் இருக்கிறாள். சோண்டி இன்னும் கைகளை எண்ணத் தொடங்கவில்லை.