வதாத்தின் இடது கை

...மூக்கை மட்டும் நினைக்கக் கூடாது, நினைத்தால் தொலைந்தது, உடனே நமைக்கும், இத்தனை வருஷமாக மாடலாக நிற்பவளுக்கு இதுகூடத் தெரியாதா, வேறு எதையாவது நினை வதாத், எதிர்வீட்டுப் பால்கனியில் காயும் விரிப்பை நினை, மழைக்கு முன்னால் அந்த வீட்டுக்காரி அதை எடுப்பாளா மாட்டாளா... வெற்றுடம்பின் வலப்பக்கம் மட்டும் கேஸ் ஹீட்டரின் சூடு, இடப்பக்கம் சில்லென்று. சுற்றிலும் வரைபலகைகள், காகிதத்தில் கரி உரசும் சத்தம். இந்தச் சத்தம்தான் அவளுக்கு எவ்வளவு பிடிக்கும்! பெய்ரூட்டில் வேறு யார் அவளைப் பார்க்கிறார்கள்? ரொட்டிக் கடைக்காரன் அவளைத் தாண்டி அடுத்த ஆளைப் பார்க்கிறான், மாண்ட்ரியலில் இருக்கும் மகள் போனில் நரையை மட்டும் பார்த்து, "சாயம் போடக் கூடாதாம்மா" என்கிறாள். இங்கேதான் கிழடு தட்டிய இந்த வயிற்றின் மடிப்பைக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைகிறார்கள். இந்த இடமும் கைவிட்டுப் போனால்? மாரிக்காலத் தொடக்கத்தில் அல்லவா ஆரம்பித்தது, இடது கையில் இந்தப் பாழாய்ப்போன நடுக்கம். அசையாமல் இருப்பதுதானே வேலையே, ஆடுகிற மாடலை யார் வைத்துக்கொள்வார்கள்? அன்றிலிருந்து என்னென்ன வித்தை, தொடைக்கு அடியில் ஒரு நாள், தலையணைக்குக் கீழே ஒரு நாள், கொண்டைக்குப் பின்னால் ஒரு நாள். இன்றைக்குப் பார்த்து இந்த லமீஸ் உத்தரத்திலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டிருக்கிறாள். "இன்னிக்குப் புதுசா ஒண்ணு பண்ணலாம்க்கா, இடது கையால இதைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க." டீச்சர் சொன்னால் மறுக்க முடியுமா, பிடித்தாள். ஆனால் இதென்ன அதிசயம், கை ஆடவில்லையே, இறுகப் பிடித்தால் ஆடாதோ? கடவுளே, உனக்குக் கோடிக் கும்பிடு.

லமீஸ் கைதட்டினாள், இடைவேளை. திரும்பி வந்து அதே இடத்தில் நிற்பதற்காகப் பாதங்களைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டாள். வதாத் அங்கியைப் போர்த்திக்கொண்டு, ஏலக்காய் மணக்கும் காபியோடு பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். பல் டாக்டர் நஸ்ரி தன் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். போன மாதத்துப் படம் ஒன்று, தொடைக்கு அடியில் ஒளித்த கை, வெளியே தெரியும் விரல் நுனிகளைச் சுற்றிக் கோட்டின்மேல் கோடாக... அவள் குனிந்து பார்த்தாள். "என்ன டாக்டரே, விரலுக்கு மட்டும் இத்தனை கோடு?" "நீங்க ஆட்டிக்கிட்டே இருந்தா நான் எந்தக் கோட்டைன்னு நம்புறது? பல்லு பிடுங்கற கைம்மா இது, இருக்கறதைத்தான் போடும்." யாரோ சிரித்தார்கள். லமீஸ் சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் தெரியும்க்கா. மறைக்க நீங்க படுற பாடுதான் பாக்க முடியலை. அதான் கயிறு." "அப்ப வேற ஆள் பாக்கலையா?" "உங்களை விட்டுட்டு யாரைப் பாக்கச் சொல்றீங்க? காபியைக் குடிங்க, ஆறிடும்."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா... மாதக் கணக்கில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தர் வாய் திறக்கவில்லை, எல்லாருமாகக் கூடிப் பேசி ஒரு கயிறு வாங்கியிருக்கிறார்கள், யார் கடைக்குப் போயிருப்பார்கள், இந்த டாக்டரா? நல்லா இருக்கட்டும், பிள்ளைகுட்டியோடு நல்லா இருக்கட்டும். அழுகை வரும்போல் இருந்தது, மாடல் அழுதால் அதையும் வரைந்துவைப்பார்கள் இந்தப் படுபாவிகள். அங்கியைக் கழற்றிவிட்டுச் சாக்பீஸ் கோட்டுக்குள் பாதங்களைப் பொருத்தினாள். முகம் ஜன்னல் பக்கம். கயிற்றைப் பிடித்தாள். கரி உரச ஆரம்பித்தது. கயிறு சொரசொரவென்று உள்ளங்கைக்கு இதமாகத்தான் இருந்தது, பிடித்துக்கொண்டே நிற்கலாம், யார் வேண்டாமென்றது... விட்டுவிட்டாள். கை மெல்ல இறங்கித் தொடையோரம் வந்து நின்றது, பிறகு தன் பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. சத்தம் நின்றுபோயிற்று. போச்சு, கெடுத்துவிட்டாயே வதாத்... இல்லை, தாள் மாற்றுகிறார்கள். சரக் சரக்கென்று புதுத்தாள்கள், மறுபடியும் கரி, முன்னைவிட வேகமாக. எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்க்கிறார்கள். அவள்தான் அது ஆட ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அதை நேராகப் பார்த்ததில்லை. இப்போது பார்க்க வேண்டும்போல் இருந்தது, ஆனால் தலையைத் திருப்பக் கூடாது, எதிர்வீட்டுப் பால்கனியில் விரிப்பு நனைந்துகொண்டிருந்தது.