அறுபது கிலோ சுமந்த குதிரை

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. பெய்ரூத் பந்தயத் திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு முன்வரிசையில் இருந்த பெண் தன் புருஷனிடம் ஒன்று சொன்னாள். அதைக் கேட்டதும் நான் எந்தக் குதிரையின் மேல் கட்டினேன் என்பதே மறந்துபோயிற்று. அந்த ஒரு வாக்கியம் அவளுடையது, மற்றதெல்லாம் என் கைவேலை.

2

தொடக்கம்: பைன் மரங்களின் நிழல் நீண்ட அந்த மாலையில், காலம் ஒரு குதிரையைப் போல

(வேண்டாம். குதிரை குதிரையாகவே ஓடட்டும்.)

மறுபடி: கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும் பந்தயத்துக்கு வருபவன் நக்லே மட்டும்தான். மனைவி வதாத் வீட்டில் கிப்பே உருண்டைக்கு இறைச்சி இடித்துக்கொண்டிருப்பாள். இன்று அடம்பிடித்து வந்துவிட்டாள்.

"எப்படிப் பாக்கணும்னு சொல்லு. நானே ஒண்ணை எடுக்கிறேன்."

நக்லே பந்தயத் தாளை விரித்தான். "இது போன ஓட்டங்கள்ல எத்தனாவதா வந்துச்சுன்னு. இது தூரம். இது குதிரை சுமக்கிற எடை. என் குதிரை பர்க்கைப் பாரு, வெறும் அம்பத்தொண்ணு கிலோ. பஞ்சா பறக்கும்."

"இந்த ஷஹ்பாவுக்கு மட்டும் ஏன் அறுபது?"

"அது பாவம், அந்தச் சுமையில செத்துச்சு. விடு."

[நக்லே பர்க்கைப் பிடித்தது எடையைப் பார்த்தல்ல. லாயத்தில் சாணி அள்ளும் மைத்துனன் காதில் ஓதியதுதான். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு லாயத்தில் ஒரு மைத்துனன் உண்டு.]

3

வதாத் விரல் வைத்துப் படித்தாள். ஷஹ்பா: ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. பர்க்: ஏழு, ஆறு, ஒன்பது, ஏழு.

"இந்த எடையை யாரு ஏத்துறது?"

"அதிகாரிங்க. எல்லாம் ஒண்ணா வந்து சேரணும்னு, நல்லா ஓடுறது மேல ஈயத்தைக் கட்டுவாங்க." சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் இறங்கிவிட்டது.

அப்போதுதான் அந்த வாக்கியம்: "நம்ம வீட்டுல எல்லா வேலையையும் யாரு தலையில ஏத்துறே நக்லே, முடியாதவ தலையிலயா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நக்லேக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"உன் ஷஹ்பா ஜெயிச்சா இந்த மீசையை இங்கயே மழிக்கிறேன்! தோத்தா, இனிமே நீ ஞாயித்துக்கிழமை வாசலைத் தாண்டக் கூடாது."

"மீசையை நீயே வச்சுக்கோ. ஜெயிச்சா வாராவாரம் நான் வருவேன். கிப்பேயை நீ இடி."

"சரி!"

4

முதல் வரைவில் ஷஹ்பா பத்துக் குதிரை நீளம் முந்தி ஜெயித்தது. எழுதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டேன். வதாத் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்கு எதுக்குய்யா எடையைக் குறைச்சே? அவனை முட்டாளாக்கிட்டு நான் ஜெயிச்சா, அது ஒரு ஜெயிப்பா?"

நியாயம்தானே! கதை எழுதுகிறவனும் எடை ஏற்றும் அதிகாரிதான். எனவே முந்தின ராத்திரி மழை பெய்யவைத்தேன். ஈரமணலில் அறுபது கிலோ காலை வாரும். மைத்துனனையும் யோக்கியனாக்கினேன்: பர்க்கை இத்தனை நாளும் வேண்டுமென்றே அடக்கி ஓட்டினார்கள், இன்றுதான் கடிவாளத்தை விடுகிறார்கள். நக்லேக்கும் இப்போது ஆட்டம் உண்டு.

5

கதவுகள் திறந்தன! பர்க் அம்பாகப் பாய்ந்தது. வளைவில் ஷஹ்பா நாலாவது, மணல் அப்பிய மூஞ்சி. "யல்லா பர்க்!" என்று நக்லே பெஞ்சின் மேல் ஏறிவிட்டான். வதாத் கத்தவில்லை, தாளை நெஞ்சோடு கசக்கிக்கொண்டிருந்தாள். ஷஹ்பா மூன்றாவது. இரண்டாவது. நான் பேனாவை எறிந்துவிட்டுக் கத்துகிறேன், யாருக்காகக் கத்துகிறேன் என்று கேட்காதீர்கள். கோட்டில் இரண்டு மூக்கும் ஒன்றாக!

அதிகாரிகள் கோட்டில் எடுத்த புகைப்படத்தைப் பார்க்கிறார்கள். முடிவுப் பலகை காலி.

முடிவு அ: பர்க். வதாத் வீட்டு வாசலில் நின்று, தெருவில்

(இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.)

முடிவு ஆ: ஷஹ்பா. நக்லே உலக்கையைத் தூக்கி

(இதை எழுத ஆசையாக இருக்கிறது. அதனாலேயே எழுதக் கூடாது.)

எடை, ஈரமணல், பழைய ஓட்டங்கள், மைத்துனன், எல்லாம் உங்களுக்கு இப்போது தெரியும். நீங்களே கட்டுங்கள். நக்லே தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், உலக்கை பிடிக்கிற கையா என்று. வதாத் பலகையைப் பார்க்கவே இல்லை. கசங்கிய தாளை நீவி, அடுத்த பந்தயத்தின் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

"நக்லே, கொஞ்சம் தள்ளு. வெளிச்சத்தை மறைக்கிறே."

நக்லே தள்ளி உட்கார்ந்தான்.